வாகனமோட்டும் பெண்களுக்குக் காப்பு ஜாக்கெட்

மகளுக்குத் தலைக்கவசம் வாங்கித் தரும் தந்தைமார், அவள் தோளும் முழங்கையும் தார்ச்சாலையில் உராய்ந்தால் என்னவாகும் என்று பெரும்பாலும் எண்ணுவதில்லை. அதற்கெனவே காப்பு ஜாக்கெட் உள்ளது. (ஜாக்கெட் என்றதும் தையற்கடையை நினைக்க வேண்டாம், சகோதரிகளே!)

ஆண்களுக்குரியதில் சிறிய அளவை வாங்கினால் போதுமென்பர் சிலர். அது தவறு. தோள் தளர்ந்தும் இடுப்பு இறுகியும் அமைவதால், முழங்கையில் நிற்க வேண்டிய காப்புத்தகடு விழும் வேளையில் நழுவிவிடும். நழுவிய காப்பு இருந்தும் இல்லாததே. ஆகவே கடையிலேயே அணிந்து, கைப்பிடியைப் பற்றுவதுபோல் கைகளை நீட்டிப் பாருங்கள். மணிக்கட்டு வெளியே தெரியலாகாது. தகடு இடம் மாறலாகாது.

ஐரோப்பாவின் 2020ஆம் ஆண்டுத் தரமான இ.என். 17092, இவ்வுடைகளை ஏஏஏ, ஏஏ, ஏ என வகுக்கிறது. உராய்வைத் தாங்குவதில் ஏஏஏ முதலிடம். பி வகையில் தகடே இராது. தகடுகளுக்கு இ.என். 1621 என்னும் தனித்தரம் உண்டு. சோதனையில் முதல்நிலை முழங்கைத்தகடு சராசரியாக 35 கிலோநியூட்டன் விசை வரை உடலுக்குக் கடத்தலாம். இரண்டாம் நிலைக்கு வரம்பு 20. முதுகுப்பகுதியில் பல ஜாக்கெட்டுகளில் வெறும் நுரைப்பஞ்சே இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

தோல் உறுதியானதுதான். எனினும் வியர்வைக்கு அஞ்சி அலமாரியில் தொங்கும் தோலைவிட, நாள்தோறும் அணியும் வலைத்துணி மேல்.

துப்பட்டாவை ஜாக்கெட்டுக்குள் அடக்கிய பின்னரே ஜிப்பை மூடுங்கள். புர்காவின் கீழ்விளிம்பு சக்கரத்தருகே தொங்கலாகாது. பின்சக்கரத்தில் பாதியையேனும் மறைக்கும் தடுப்பு வேண்டுமென்கிறது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி. அழகு கருதி அதைக் கழற்றிவிடாதீர்கள்.