ஏறுமுன் தேதியைப் பாருங்கள்

பிரிட்டனில் தெரிந்தவர் ஒருவர் தன் ஹெலிகாப்டரில் ஒரு சுற்று போய்வரக் கூப்பிட்டால், "லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டுப் பெரிய பயனில்லை. இன்று அங்கே தனியார் விமானி உரிமம் ஆயுளுக்கும் செல்லும். ஆண்டுதோறும் காலாவதியாவது குறிப்பிட்ட ரக ஹெலிகாப்டரை ஓட்டும் தகுதி. உரிமத்தோடு உள்ள சான்றிதழில் அதன் தேதியும் எக்சாமினரின் கையெழுத்தும் இருக்கும். காட்டச் சொல்லுங்கள், நல்ல பைலட் கோபித்துக்கொள்ளமாட்டார்.

உலக ராலி சாம்பியன் காலின் மெக்ரே ஓட்டிய ஹெலிகாப்டர் 2007 செப்டம்பர் 15 அன்று ஸ்காட்லாந்தில் அவர் வீட்டருகே நொறுங்கியது. அவரும், அவருடைய 5 வயது மகனும், மகனின் 6 வயதுத் தோழனும், நண்பர் ஒருவரும் இறந்தார்கள். உரிமம் (அப்போது ஐந்தாண்டுதான்) 2005-லேயே முடிந்திருந்தது. ரகத் தகுதியும் சில மாதங்களுக்கு முன்பே தீர்ந்திருந்தது. அதனால்தான் விழுந்தது என்று விசாரணை சொல்லவில்லை. பள்ளத்தாக்கில் தாழ்வாகப் பறந்ததைத்தான் குறை சொன்னது. ஆனால், சொந்தமாகப் பறப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பழக்கங்களைப் பார்க்க வேறொருவர் கட்டாயம் வருவது ரகத் தகுதியைப் புதுப்பிக்கும் வருடாந்தரச் சோதனையில் மட்டும்தான்.

சோதனையில் எஞ்சின் நின்றதுபோல எக்சாமினர் திடீரென்று த்ராட்டிலைக் குறைப்பார். இடக்கையிலுள்ள நெம்புகோலை உடனே கீழே இறக்க வேண்டும். ராபின்சன் ஆர்22 போன்ற சிறிய ஹெலிகாப்டரில் ஓரிரு வினாடி தாமதித்தாலே ரோட்டாரின் சுழற்சி ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். நிஜத்தில் என்றால் மீட்க வழியில்லை. கை பழகியிருந்தால்தான் இது வரும், புத்தகம் படித்து வராது. தகுதி முடிவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் தேறிவிட்டால் பழைய தேதியிலிருந்தே புது ஆண்டு கணக்காகும். அந்த ஆண்டில் அதே ரகத்தில் குறைந்தது 2 மணி நேரம் பறந்திருக்கவும் வேண்டும்.

தேறாவிட்டால் மறுபடி தேறும்வரை அந்த ரக ஹெலிகாப்டரை பைலட்டாக ஓட்டவே கூடாது. சோதனை முறைப்படி நடக்கவில்லை என்று பட்டால், முடிவு தெரிந்த இரண்டு வாரத்துக்குள் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் முறையிடலாம். எக்சாமினரின் முடிவை மாற்றச் சொல்லி முறையிட முடியாது.

பயணிக்கு இன்னொன்று. பறக்கும் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம், பைலட்டும் தன் பங்கைப் போட்டால். லாபம் வைத்துக் காசு கேட்டால் வணிக உரிமமும் நிறுவனத்துக்கான ஆபரேட்டர் சான்றிதழும் வேண்டும். இவை இல்லாமல் ஏறி விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடலாம். சந்தேகம் வந்தால் ஏறாதீர்கள். ஆணையத்துக்கே நேரடியாகப் புகார் எழுதலாம்.