இதயத்தில் ஒரு கட்டி

தமிழ் படிப்பிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். சீனியும் கட்டியாகும், மண்ணும் கட்டியாகும். கட்டி என்பது நோயின் பெயரல்ல. ஆனாலும் டொக்டர் அந்தச் சொல்லைச் சொன்னதும், "கென்சர்தானே, இனி என்ன?" எண்டு எங்கட ஆக்கள் மனமுடைந்து போகிறார்கள்.

இதயத்திலேயே தோன்றும் கட்டிகள் மிக அரிது. அவற்றிலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு புற்றுநோயல்ல. வேறு உறுப்புகளில் தொடங்கிய புற்றுநோய் இதயத்துக்குப் பரவுவதே அதிகம்.

வளர்ந்தோரில் அதிகம் காணப்படுவது மிக்சோமா. நுங்கு போல வழவழப்பான இது, பெரும்பாலும் இடது சோணையறைச் சுவரில் ஒரு காம்பினால் தொங்கும்.

கென்சர் இல்லையெண்டால் பேசாம இருக்கலாமா? கூடாது. தொங்கும் கட்டி வால்வின் வாயை அடைத்தால் இளைப்பு வரும், மயக்கம் வரும். எழும்பும்போதும் புரண்டு படுக்கும்போதும் இவை கூடிக் குறையலாம். ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பாரிசவாதம். ஆபத்து, அது இருக்கும் இடத்தில்தான்.

எக்கோ பரிசோதனையில் கட்டியைப் பார்த்துவிடலாம், நோவில்லை. 1954இல் சுவீடன் சத்திரசிகிச்சை நிபுணர் கிளாரன்ஸ் கிராஃபோர்ட், இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் மிக்சோமாவை வெற்றிகரமாக அகற்றினார். இன்று அப்படி அகற்றியபின் பெரும்பாலானோர் சுகமடைகிறார்கள். சிலருக்குத் திரும்ப வரலாம் என்பதால் பின்னரும் எக்கோ எடுப்பார்கள்.

ஆகவே, கட்டி எண்டு கேட்டதும் அழாமல், "என்ன கட்டி, எந்த அறையில், எப்ப எடுக்கலாம்?" எண்டு டொக்டரிடம் கேளுங்கள்.