நம் தாமானுக்கு யார் பொறுப்பு?

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஊர் நடப்பைத் தேடி நாங்கள் அலைய வேண்டியதில்லை. அதுவே தொலைபேசியில் வந்து சேரும். சில ஆண்டுகளுக்கு முன், இரவு நிகழ்ச்சியில் பாட்டுக் கேட்க சுங்கை பட்டாணியிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டு, "தம்பி, சன்னல எல்லாம் சாத்திட்டுத்தான் பேசுறேன். வெளியில பிளாஸ்டிக் எரியுற வாடை. பேரனுக்கு இழுப்பு வேற. இத யாருகிட்டப் போய்ச் சொல்றதுன்னே தெரியல" என்றார்.

அவர் கேட்ட பாட்டைப் போட்டேன். அவருடைய கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அன்று சொல்ல முடியாத பதிலைத் தேடிப் போனபோது தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புகை வந்த வழி

2018 ஜனவரியில் சீனா, வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுகளுக்குக் கதவைச் சாத்தியது. அதுவரை அங்கே போய்க்கொண்டிருந்த கழிவு தென்கிழக்காசியா பக்கம் திரும்பியது. அதிகமாக வந்து இறங்கிய நாடுகளில் மலேசியாவும் ஒன்று. சிலாங்கூரின் கோல லங்காட் வட்டாரத்திலும், நம் சுங்கை பட்டாணியிலும் மறுசுழற்சி ஆலைகள் முளைத்தன. உரிமம் பெற்றவை சில, பெறாதவை பல. மறுசுழற்சிக்கு ஆகாத குப்பை ஆங்காங்கே திறந்த வெளியில் எரிக்கப்பட்டது. அதுவும் பெரும்பாலும் இரவில்.

அதை முதலில் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் இல்லை. சன்னலைச் சாத்திய அம்மாக்களும், இருமிய பிள்ளைகளும்தான். சுங்கை பட்டாணி மக்கள் சும்மா இருக்கவில்லை. ஒன்றுகூடினார்கள், புகார் மேல் புகார் கொடுத்தார்கள், செய்தியாளர்களை அழைத்துக் காட்டினார்கள். அதன் பிறகு அதிகாரிகள் சோதனையில் இறங்கி, சட்டவிரோத ஆலைகளை மூடினார்கள். 2019 மே மாதம், கலப்படமான பிளாஸ்டிக் கழிவை வாங்கும் நாட்டின் சம்மதம் இல்லாமல் அனுப்பக் கூடாது என்று பாசல் உடன்படிக்கை நாடுகள் முடிவெடுத்தன. 2021 ஜனவரி 1 முதல் அது நடப்புக்கு வந்தது. ஊர் மக்களின் முணுமுணுப்பு உலக மேடை வரை போனது என்றால் மிகையில்லை.

ஆனால், அந்த மக்கள் எத்தனை வாசல் ஏறி இறங்கினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு புகார், ஐந்து வாசல்

ஆலைக்கு வியாபார உரிமம் கொடுப்பது நகராண்மைக் கழகம். புகையைக் கவனிப்பது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் செயல்படும் சுற்றுச்சூழல் துறை. விவசாய நிலத்தில் ஆலை நின்றால் அது நில அலுவலகத்தின் விவகாரம். கழிவு நீர் ஆற்றில் கலந்தால் நீர்ப்பாசன, வடிகால் துறைக்கும் அதில் பங்கு உண்டு. வீட்டுக் குப்பை இன்னொரு கணக்கு. திடக்கழிவு, பொதுத் துப்புரவுச் சட்டத்தை (சட்டம் 672) ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் கெடாவும் ஒன்று. 2011 செப்டம்பர் முதல் இங்கே குப்பை அள்ளுவது குத்தகை நிறுவனம்; அதைக் கண்காணிப்பது எஸ்டபிள்யூ கார்ப் என்ற கூட்டரசுக் கழகம். மதிப்பீட்டு வரியை நகராண்மைக் கழகத்தில் கட்டிவிட்டு, குப்பை லோரி வராவிட்டால் அங்கேயே போய் நிற்பவர்கள் இன்றும் நிறைய பேர்.

ஒவ்வொரு வாசலிலும், "இது எங்கள் வேலை இல்லை, அடுத்த அலுவலகத்தைக் கேளுங்கள்" என்ற பதில் கிடைக்கலாம். சொல்பவர் பொய் சொல்லவில்லை. சட்டமே அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. மூன்றாவது வாசலிலேயே தனி ஆள் களைத்துப்போவார். இந்த ஐந்து பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, எதிரில் ஊர் மக்களையும் உட்கார வைத்தால் என்ன? நகர ஆலோசனைக் குழுவின் வேலை அதுதான்.

மேசை போட்ட கதை

1992இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் நடந்த பூமி உச்சநிலை மாநாட்டில் 'அஜெண்டா 21' என்ற திட்டம் உருவானது. அதன் 28ஆம் அத்தியாயம் ஊராட்சி மன்றங்களைப் பற்றியது. ஒவ்வொரு மன்றமும் தன் மக்களோடும் அமைப்புகளோடும் தொழில் நிறுவனங்களோடும் கலந்து பேசி, உள்ளூருக்கான திட்டத்தை வகுக்க வேண்டும் என்று அது சொன்னது. அதைத்தான் எல்.ஏ.21 என்று சுருக்கமாக அழைக்கிறார்கள்.

மலேசியா இதை 2000 முதல் 2002 வரை நான்கு இடங்களில் சோதித்துப் பார்த்தது: பெட்டாலிங் ஜெயா, குவாந்தான், மிரி, கிரியான். இதில் கிரியானைக் கவனியுங்கள். நம் கெடாவின் தென் எல்லைக்குப் பக்கத்தில், பாரிட் புந்தாரும் பாகான் செராயும் இருக்கிற பேராக் மாவட்டம் அது. நெல் வயலும் தோட்டமும் சிறு பட்டணமும் கலந்த பகுதி. எனவே, இதெல்லாம் பெரிய நகரத்துக்காரர்களின் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

இந்தக் குழுவில் மன்றம், மக்கள், தனியார் துறை என்று மூன்று தரப்பும் உட்காரும். ஊரின் பிரச்சினைகளைப் பட்டியலிட்டு, எதை முதலில் கவனிப்பது என்று முடிவு செய்து, திட்டம் போட்டு, நடந்ததா என்று பின்னர் சரிபார்ப்பார்கள். காலி நிலத்தில் தோட்டம் போட மன்றத்தின் அனுமதியை வாங்கித் தரலாம். சமையலறைக் கழிவை உரமாக்கக் கற்றுத்தர ஆள் அனுப்பலாம். கருவிக்கும் நாற்றுக்கும் சிறிய நிதி தேடித் தரலாம். பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றம் 2011 முதல், மழைநீர் சேமிப்பு, உரம் தயாரிப்பு, மின்சாரச் சிக்கனம் போன்றவற்றைச் செய்யும் வீட்டுக்காரர்களுக்கு மதிப்பீட்டு வரியில் கழிவு கொடுக்கும் திட்டத்தையும் நடத்திக் காட்டியது.

செய்ய முடியாததையும் சொல்லிவிட வேண்டும். ஆலோசனைக் குழு ஓர் ஆலையை மூடாது, அபராதம் போடாது. அந்த அதிகாரம் மன்றத்துக்கும் துறைகளுக்கும்தான். குழு கேள்வி கேட்கும், ஆலோசனை சொல்லும், கூட்டக் குறிப்பில் பதிவு செய்யும். அந்தப் பதிவை அலட்சியமாக நினைக்காதீர்கள். தொலைபேசியில் சொன்ன புகார் காற்றோடு போய்விடும். கூட்டக் குறிப்பில் ஏறிய புகாருக்கு அடுத்த கூட்டத்தில் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

நாற்காலியில் யார்?

நம் நாட்டில் ஊராட்சி மன்றத் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டப்படி (சட்டம் 171) மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. தலைவரைத் தவிர 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் இருப்பார்கள். யாரை நியமிக்கலாம் என்று சொல்லும் இடத்தில், தங்கள் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கக் கூடியவர்கள் என்பதையும் அந்தச் சட்டம் குறிப்பிடுகிறது. மன்றத்தின் முழுக் கூட்டம், வேறு தீர்மானம் இல்லாவிட்டால், பொதுமக்களுக்குத் திறந்தே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

நம்மில் எத்தனை பேர் அந்தக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறோம்? நான் போனதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாக்குச் சீட்டு இல்லாத இடத்தில், நம் குரல் நுழைய இருக்கும் வழிகளில் ஒன்று இப்படிப்பட்ட குழுக்கள். கோயில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், இளைஞர் மன்றம் என்று நமக்குக் கூட்டம் நடத்தத் தெரியாமல் இல்லை. இந்த மேசைக்குத்தான் நாம் போவதில்லை.

தோட்டத்து எல்லை

நான் பிறந்தது பீடோங் பக்கத்தில் ஒரு தோட்டம். லயத்துக்குப் பின்னால் குப்பைக் குழி, நிரம்பினால் எரிப்பார்கள். லயத்துச் சாக்கடை பால்மரக் காட்டுக்குள் போய் மறைந்துவிடும். எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

தோட்டம் தனியார் நிலம். பொதுவாகக் குப்பை லோரி உள்ளே வராது. தொழிலாளர் வீடுகளும் சுற்றுப்புறமும் சுத்தமாக இருப்பதற்கு, 1990ஆம் ஆண்டு தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டப்படி (சட்டம் 446) முதலாளியே பொறுப்பு. அதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. ஆக, தோட்டத்துக்காரருக்கு ஆறாவதாகவும் ஒரு வாசல். நிலம் கைமாறி, பாதி தாமானாகவும் மீதி செம்பனையாகவும் ஆகிவிட்டால், மிச்சமிருக்கும் லயத்துக்கு யார் பொறுப்பு என்பதே குழப்பமாகிவிடும்.

ஆனால் சாக்கடைக்கு எல்லைக் கல் தெரியாது. சுங்கை பட்டாணி வட்டாரத்து நீரெல்லாம் சேரும் மெர்போக் ஆற்றின் முகத்துவாரத்தில் பெரிய அலையாத்திக் காடு இருக்கிறது. மீன், நண்டு, இறால் குஞ்சுகள் அங்கே வளர்கின்றன. லயத்துக்குப் பின்னால் கொட்டியது, நம் தட்டில் இருக்கும் மீனுக்கே போய்ச் சேரலாம். அதனால், நகரக் குழுவின் மேசையில் பக்கத்துத் தோட்ட நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் நாற்காலி வேண்டும்.

தோட்டத்து மக்களுக்கு ஒன்றுகூடத் தெரியாதா என்று யாராவது கேட்டால், ஹார்வர்ட் தோட்டத்தை நினைவுபடுத்துங்கள். போர் முடிந்த கையோடு பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கு எதிராகத் தொண்டர் படை எழுந்தது அங்கேதான். அதை முன்னின்று நடத்திய ஏ. எம். சாமி ஒரு லோரி ஓட்டுநர். 1947இல் போலீசாருடன் ஏற்பட்ட மோதல்களில் உயிர்ப்பலியும் நேர்ந்தது. அவ்வளவு விலை கொடுத்து ஒன்றுகூடியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்று நாம் கேட்பது ஒரு மேசையும் சில நாற்காலிகளும்தான்.

எங்கே தொடங்குவது?

முதலில், உங்கள் ஊராட்சி மன்றத்தில் எல்.ஏ.21 குழு இருக்கிறதா, உங்கள் பகுதிக்கு எந்த உறுப்பினர் பொறுப்பு என்று கேளுங்கள். அலோர்ஸ்டார், சுங்கை பட்டாணி, கூலிம் எதுவானாலும் முகப்பிலேயே கேட்கலாம். குழு இல்லை என்றால், ஏன் இல்லை என்று கடிதம் எழுதுங்கள்.

இரண்டாவது, ஒரே ஒரு பிரச்சினையை எடுங்கள். நாடகம்போல் விவரிக்க வேண்டாம். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து வாடை வந்தது என்று ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். கைப்பேசியில் படம் எடுங்கள். ஆபத்தான இடத்துக்குத் தனியாகப் போக வேண்டாம்.

மூன்றாவது, கேட்பதோடு கொடுப்பதையும் சொல்லுங்கள். "குப்பை அதிகம்" என்பதைவிட, "கோயில் அன்னதானத்து வாழை இலையையும் மாலையையும் உரமாக்க நாங்கள் பத்துப் பேர் தயார், இடம் கொடுங்கள்" என்பதற்குச் சீக்கிரம் பதில் வரும்.

நான்காவது, பக்கத்து வீட்டு மலாய்க்காரரையும் சீனரையும் சேர்த்துக்கொண்டு போங்கள். புகை இனம் பார்த்து வீட்டுக்குள் வருவதில்லை. ருக்குன் தெத்தாங்கா போன்ற அமைப்பு ஏற்கெனவே இருந்தால் அதன் வழியாகவே போகலாம்.

கடைசியாக, ஒரு கூட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். முதல் கூட்டத்தில் மாலை போடுவார்கள், படம் எடுப்பார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பதில்தான் வேலை நடப்பதும் நடக்காததும் இருக்கிறது.

அந்த அம்மா மறுபடி அழைக்கவில்லை. அழைத்தால் இந்த முறை பாட்டை உடனே போட மாட்டேன். "அம்மா, ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்குங்க. பக்கத்து வீட்டுக்காரங்களயும் கூப்பிட்டு வச்சிக்குங்க. எந்த வாசல்ல முதல்ல ஏறணும்னு சொல்றேன்" என்பேன்.