இன்டர்நெட் போன் அடாப்டர்: ஐந்து மணியோடு நின்று போகிறதா?

ஒரே டெலிபோனில் லேண்ட்லைன் அழைப்பும் இன்டர்நெட் அழைப்பும் வரட்டும் என்று அடாப்டர் மாட்டியவர்கள் பலர். இதில் வரும் பிரச்னைகளிலேயே என்னை அதிகம் அலைக்கழித்தது, பொள்ளாச்சி பக்கம் பெரியம்மாவின் தோட்டத்து வீட்டில் பார்த்தது. "அஞ்சு வாட்டி அடிக்குது கண்ணு, எந்திரிச்சுப் போறதுக்குள்ள நின்னு போயிருது" என்றார். மூட்டுவலிக்காரர், மெதுவாகத்தான் நடப்பார். மறுபடி கூப்பிட்டால் எங்கேஜ்டு டோன். லைனில் கோளாறு என்றே எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

முதலில் அடாப்டரைக் கழற்றி, டெலிபோனை நேராகச் சுவர் பாக்ஸில் மாட்டுங்கள். செல்போனிலிருந்து அழைத்து, எடுக்காமல் அடிக்க விடுங்கள். மணி நிற்காமல் அடித்தால் லைன் மீது குற்றமில்லை.

அந்த ஐந்து என்ற எண்ணில்தான் விடை இருந்தது. நம் ஊர் மணி "டிரிங் டிரிங்" என்று இரட்டையாக அடித்து, 2 விநாடி ஓய்வெடுக்கும். ஒரு சுற்றுக்கு 3 விநாடி. ஐந்து சுற்று என்றால் ஏறத்தாழ 15 விநாடி. லைன் போர்ட் உள்ள அடாப்டர்களில் பரவலாகப் பயன்பட்ட லிங்க்சிஸ் எஸ்பிஏ 3102-ல் 'பிஎஸ்டிஎன் ஆன்சர் டிலே' என்ற செட்டிங்கில் 16 என்றே இருக்கும். அதாவது, யாரும் எடுக்காவிட்டால் அடாப்டரே போனை எடுத்து, அழைத்தவரை இன்டர்நெட் பக்கம் அனுப்பக் காத்திருக்கும். பாஸ்வேர்டு வைக்காவிட்டால் அவர் உங்கள் இன்டர்நெட் கணக்கில் வெளியே டயல் செய்யவும் முடியும்!

அழைத்தவர் வைத்துவிட்டாலும் லைன் உடனே விடுபடாது. நம் எக்ஸ்சேஞ்ச் தரும் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ். முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி மௌனம். அடாப்டர் எதிர்பார்ப்பதோ அமெரிக்க டோன்: 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்தது. நம் டோன் அதற்குப் புரியாது.

சரி செய்ய, அடாப்டரின் ஈதர்நெட் போர்ட்டில் கம்ப்யூட்டரை இணைத்து, பிரவுசரில் 192.168.0.1 என டைப் செய்து என்டர் தட்டவும். 'அட்மின் லாகின்', பிறகு 'அட்வான்ஸ்டு' கிளிக் செய்திடவும். 'வாய்ஸ்' பிரிவில் 'பிஎஸ்டிஎன் லைன்' டேபைத் திறந்து, 'பிஎஸ்டிஎன் டு விஓஐபி கேட்வே எனேபிள்' என்பதை 'நோ' ஆக்கிவிடுங்கள். அதே பக்கத்தில் 'டிஸ்கனெக்ட் டோன்' கட்டத்தில் 400@-30,400@-30;4(.75/.75/1+2) என்று கொடுத்து சேவ் செய்திடவும். மற்ற மாடல்களில் பெயர்கள் மாறும், விஷயம் ஒன்றுதான்.

கேட்வேயை மூடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவில் இன்டர்நெட் டெலிபோனி 2002 ஏப்ரல் 1 முதல் கட்டுப்பாடுகளுடன் அனுமதிக்கப்பட்டது. 2018-ல் லைசென்ஸ் பெற்ற நிறுவனங்களுக்கு வழி விரிந்தது. லைசென்ஸ் இல்லாமல் இன்டர்நெட் அழைப்பை லேண்ட்லைனுக்கு மாற்றிவிடுவது சட்டவிரோத எக்ஸ்சேஞ்ச் ஆகிவிடும். வீட்டு உபயோகத்துக்கு அது தேவையும் இல்லை.

ஒயர் மாட்டும்போது கவனம். 'போன்', 'லைன்' இரண்டு ஓட்டைகளும் ஒரே மாதிரி இருக்கும். 'போன்' போர்ட் தானே மின்னழுத்தம் தருவது. அதில் எக்ஸ்சேஞ்ச் லைனைச் செருகினால், மணி அடிக்கும்போது அடாப்டர் எரிந்து போகலாம்.

கடைசியாக, அடாப்டரின் பவரை நிறுத்திவிட்டு டெலிபோனை எடுத்துப் பாருங்கள். 3102-ல் உள்ளே ஒரு ரிலே இருப்பதால், கரண்ட் போனாலும் தாமிர ஒயர் லைனில் டயல் டோன் வரும், 108-ஐ அழைக்கலாம். ஃபைபர் இணைப்புக்கு மாறியவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே மோடத்துக்கும் யுபிஎஸ் வேண்டும்.