சீதன உறுதியும் பட்டச் சான்றிதழும்

அந்த வீட்டில் ஒரு பழைய றங்குப்பெட்டி உண்டு. 1990 ஜூன் மாதத்தில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியபோது, தாயார் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்த பெட்டி அது. 1995 ஒக்ரோபரில் மீண்டும் ஓடியபோதும் அதை அவர் கைவிடவில்லை. உள்ளே இருப்பது அவரது சீதன உறுதி. அதன் மேல் இப்போது இன்னொரு கடதாசியும் இருக்கிறது. அது மகனின் விவசாயப் பட்டச் சான்றிதழ்.

நாம் அந்த வீட்டுக்குப் போனது ஒரு மாலை நேரம். தேத்தண்ணீர் வந்தது. பேச்சு மழையில் தொடங்கி, விடுவிக்கப்பட்ட காணிக்குப் போய், கடைசியில் கலியாணத்தில் வந்து நின்றது.

மகனுக்குத் தரகர் ஒரு சம்பந்தம் கொண்டு வந்திருக்கிறார். பெண் வீட்டார் வெளிநாட்டில் உள்ளவர்கள். பெருந்தொகை தர ஆயத்தம். அந்தத் தொகையை அப்படியே முப்பதைக் கடந்துவிட்ட அக்காவின் மாப்பிள்ளை வீட்டாருக்கு 'டொனேசன்' ஆகக் கொடுத்துவிடலாம் என்பது தகப்பனாரின் கணக்கு. மகனோ பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் சீதனத்துக்கு எதிராக வீதி நாடகம் நடித்தவர். கிளிநொச்சி அறிவியல் நகரில் படித்து வந்த பிள்ளை, தான் விலைக்குப் போக மாட்டேன் என்கிறார்.

"நானும் சீதனம் வேண்டித்தான் கலியாணம் செய்தனான். அந்தக் காணியிலை வெங்காயம் வைச்சுத்தான் குடும்பம் நடத்தத் தொடங்கினனான். அது பாவமோ?" என்று தகப்பனார் எம்மிடம் கேட்டார்.

அதுவரை அடுப்படியில் நின்ற அக்கா வாசலுக்கு வந்தார். "தம்பி, நீ சீதனம் வேண்டாட்டி உனக்கு நல்ல பேர். நான் குடுக்காட்டி எனக்குக் கலியாணமில்லை."

தம்பி தலை குனிந்தார். எமக்கும் உடனே சொல்ல எதுவும் இருக்கவில்லை.

வழமை என்பது எது?

'எங்கடை வழமை' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அந்த வழமை எது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

யாழ்ப்பாணத்தின் தேசவழமையை ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எழுத்தில் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். பிரித்தானியர் 1806 இல் அதனைச் சட்டமாக ஏற்றனர். அதன்படி குடும்பச் சொத்து மூன்று வகை: முதுசம், சீதனம், தேடியதேட்டம். முதுசம் ஆண்வழிச் சொத்து. தேடியதேட்டம் கணவனும் மனைவியும் வாழ்க்கையில் சேர்த்தது. சீதனம் பெண்ணுக்கு உரியது. தாயின் சீதனம் மகளுக்குப் போகும். மகளிடமிருந்து அவளுடைய மகளுக்குப் போகும்.

ஆகவே சீதனம் என்பது மாப்பிள்ளையின் கையில் எண்ணி வைக்கும் காசாகத் தொடங்கியதல்ல. பெண் தன் காலில் நிற்பதற்குப் பெற்றோர் அவள் பெயரில் எழுதிய நிலம் அது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் 'டொனேசன்', படித்த மாப்பிள்ளைக்கும் உத்தியோகத்துக்கும் விலை பேசும் பழக்கத்தோடு வளர்ந்தது. காணி பெண்ணிடம் தங்கும். டொனேசன் அவள் கையைத் தொடாமலே போய்விடும்.

பழைய வழமையில் எல்லாம் நன்று என்று நாம் சொல்ல வரவில்லை. சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் மற்றச் சொத்தில் உரிமை இழந்தாள். 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமோ, மணமான பெண் தன் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்று விதித்தது. வழமையிலும் களை உண்டு, பயிரும் உண்டு. களை பிடுங்கப் போய்ப் பயிரைப் பிடுங்காதிருப்பதே கமக்காரனின் கெட்டித்தனம்.

ஆறு பரப்புச் செம்மண்

தாயாரின் சீதனக் காணி ஆறு பரப்பு. பற்றை மூடி, கிணறு தூர்ந்து, எல்லைக் கற்கள் காணாமற்போன நிலையில் அது திரும்பக் கிடைத்தது. அதை விற்று டொனேசன் கொடுப்போம் என்ற பேச்சும் அந்த வீட்டில் எழுந்தது. அப்போதுதான் மகன் தன் யோசனையைச் சொன்னார்.

"காணியை விக்க வேண்டாம். முழுவதையும் அக்காவின்ரை பேரிலை எழுதுங்கோ. கிணத்தை நான் இறைச்சுத் துப்பரவாக்கிறன். நான் வெங்காயம் செய்யிறன். விளைச்சலிலை பங்கு அவவுக்கு."

தாயார் மெல்லச் சிரித்தார். தகப்பனார் சிரிக்கவில்லை. "காணியைப் பாத்து உத்தியோக மாப்பிள்ளை வரமாட்டான்" என்றார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் மாறாமல், ஒரு பிள்ளையின் துணிவினால் மட்டும் இது தீராது.

நாம் செய்யக்கூடியவை

வேதாகமத்தில், எண்ணாகமம் 27 ஆம் அதிகாரத்தில், ஆண் சகோதரர் இல்லாத ஐந்து சகோதரிகள் மோசேயின் முன் வந்து தகப்பனின் காணியில் தமக்குப் பங்கு கேட்கிறார்கள். அவர்களும் வனாந்தரத்தில் அலைந்த சனங்கள்தான். அவர்கள் கேட்டது நியாயம் என்று தீர்ப்பாகியது. வழமையை நீதிக்காகத் திருத்துவது விசுவாசத்துக்கு மாறானதல்ல.

உறுதிக் காணி உள்ள குடும்பங்கள், உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். மகளுக்குக் கொடுப்பதை வாய்ச்சொல்லாக விடாமல், நொத்தாரிசு மூலம் அவள் பெயரிலேயே எழுத வேண்டும்.

வன்னியில் அரச அனுமதிப்பத்திரக் காணியில் இருப்போர், பின்னுரித்தாளரை எழுத்தில் நியமித்துப் பதிவு செய்தார்களா என்று பார்க்க வேண்டும். முன்பு நியமனம் இல்லாவிடில் ஆண்பிள்ளைக்கே முதலிடம் இருந்தது. 2022 இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டு அந்தப் பாகுபாடு நீக்கப்பட்டது. பெண்பிள்ளை உள்ள வீடுகள் இதை அறிந்திருப்பது அவசியம்.

ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வரும் மருமகளின் காணி அவள் பெயரிலேயே இருக்கட்டும். காசு கேளாதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பெண் இருப்பாள்.

நாம் புறப்படும்வரை அந்த வீட்டில் முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை. தை வரை பொறுப்பதாகத் தகப்பனார் சொன்னார். மறுநாள் விடிய மகன் மண்வெட்டியோடு காணிக்குப் போவதாக இருந்தார். படலை வரை வந்த அக்கா, "நானும் போறன். என்ரை காணியெண்டால் நான்தானே முதல்லை பாக்கவேணும்" என்றார்.