தொப்பம்பட்டிக்கு வடக்கே ஒரு சமுத்திரம்

ஆயிரம் அடி போர் போட்டாலும் புகைதான் பறக்கிறது என்று புலம்புகிற சீமை எங்கள் தொப்பம்பட்டி. அதற்கு வடக்கே, தாராபுரம், கரூர் வழியாக ஒரு சமுத்திரமே மூடிக்கொண்டதாம்! அதைக் கண்டுபிடிக்கிற பின்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். தலை இன்னும் சுற்றுகிறது.

ஒரு கல்லூரியின் கல் அறுக்கும் அறை. வைர ரம்பம் கிறீச்சிட, தண்ணீர் பீய்ச்சியடிக்க, தரையெல்லாம் சாம்பல் நிறக் குழம்பு. அறுபடுவது வத்தலக்குண்டு பக்கம் கெங்குவார்பட்டிக் கல். பார்வைக்கு வேலியோரத்துக் கல்தான். அதன் சில்லைக் கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் வரும்வரை தேய்க்கிறார்கள். கீழே செய்தித்தாளை வைத்தால் எழுத்து தெரிகிறது. கல்லுக்குள்ளே!

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். அடடா, திருவிழா சீரியல் பல்புதான்! நடுவில் நீலத் துணுக்கு, சஃபிரின் என்கிற கனிமம். சமுத்திரம் மூடிக் கண்டங்கள் மோதும்போது, அலுமினியம் மிகுந்த களிமண் படிவு பூமிக்குள் புதைந்து 900 டிகிரிக்கு மேல் வெந்தால் இப்படி ஆகுமாம். நம் ஊர் செங்கல் சூளையெல்லாம் இதன் முன்னால் எம்மாத்திரம்?

காவிரியோரம் மணமேட்டில் இன்னும் வேடிக்கை. எரிமலைப் பாறையும் செர்ட் என்கிற சிலிக்காப் பாறையும் ஆழ்கடல் தரையின் வரிசையிலேயே கிடக்கின்றன. கடலில் நாலைந்து கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே சுண்ணாம்பு கரைந்துபோகும். மிஞ்சுவது சிலிக்காவும் களிமண்ணும். ஓர் அரிசிமணி கனம் சேரவே ஆயிரம் ஆண்டு பிடிக்கலாம்! அங்கே கிடைத்த சிர்கான் என்கிற கனிம மணிகளுக்குள் யுரேனியம் எவ்வளவு ஈயமாகியிருக்கிறது என்று அளந்தால், வயது சுமார் 74 கோடி ஆண்டு. நான் முதலில் சொன்ன சமுத்திரம், மொசாம்பிக் சமுத்திரம் என்று பெயர், 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், கோண்டுவானாக் கண்டம் ஒன்றுசேர்ந்தபோது மூடிக்கொண்டது என்கிறது ஒரு கட்சி. இல்லை, கண்டங்கள் சேர்ந்த இந்த ஒட்டு 250 கோடி ஆண்டு பழசு என்கிறது இன்னொரு கட்சி. சண்டை ஓயவில்லை. எனக்கு அதுவே பாதி ருசி.

ஊர் திரும்பினால் பக்கத்துக் காட்டில் போர் லாரி. எழுநூறு அடி, புகை. குழியோரம் குவிந்த கல்தூளில் ஒரு கை அள்ளிக் காகிதத்தில் மடித்தேன்.

"அதை வெச்சு என்னங்க பண்ணப் போறீங்க?" என்றார் காட்டுக்காரர்.

"கடல் பார்க்கப் போறேனுங்க."

அவர் லாரிக்காரரைப் பார்த்தார்.