தெற்குக் கரையா, கிழக்குக் கரையா? இந்திய விருந்தாளிக்கு எதைச் சொல்வது?

காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில் எனக்கு வாடகைக்கு விடும் அறைகள் நான்கு இருக்கின்றன. வந்து தங்குவோரில் பெரும்பாலானவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். முன்பெல்லாம் வியாபார விடயமாகவும் உறவினரைப் பார்க்கவுமே வந்தார்கள். அண்மைக் காலமாக பிள்ளை குட்டிகளுடன் விடுமுறைக்கு வருவோர் தொகை கூடியிருக்கிறது. இவர்கள் வந்திறங்கிய அன்றே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பாய், பீச்சுக்கு எங்க போகலாம்? செலவு கம்மியா இருக்கணும், பிள்ளைங்க தண்ணில விளையாடணும்."

பல வருடங்களாக நான் யோசிக்காமலேயே பதில் சொல்லி வந்தேன்: "தெற்குப் பக்கம் போங்க." காரணங்கள் மூன்று. தெற்கு கிட்ட. புகையிரதம் எமது வாசலைக் கடந்துதான் போகிறது. மூன்றாவது காரணம், அங்குள்ள விடுதியொன்று எனக்குக் கொமிஷன் தந்தது.

2023 மே மாதம் சென்னை மண்ணடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள். வழமை போல் தெற்கிலுள்ள அந்த விடுதிக்கு மூன்று இரவுகளுக்குப் பதிவு செய்து அனுப்பினேன். விலையும் மிகக் குறைவு. மறுநாள் மாலையே தகப்பனின் தொலைபேசி அழைப்பு வந்தது. கரையில் சிவப்புக் கொடி. முழங்காலளவு தண்ணீரில் நின்ற மூத்த பையனை அலை தள்ளி இழுத்திருக்கிறது. பக்கத்தில் நின்ற இரண்டு இளைஞர்கள் ஓடிவந்து பிடித்திருக்கிறார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தாய் அதன் பிறகு பிள்ளைகளை அறையை விட்டு வெளியே விடவில்லை. மழையும் விடவில்லை. ஒரே இரவுடன் வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தார்கள். மீதி இரண்டு இரவுகளின் பணத்தைத் திருப்பித் தர விடுதி மறுத்துவிட்டது.

எனக்குக் கிடைத்த கொமிஷனை அவர்களிடம் கொடுத்து, இங்கு தங்கிய நாட்களுக்கு வாடகையும் வாங்காமல் அனுப்பினேன். நன்றாகவே பேசி விடைபெற்றார்கள். ஆனால் மீண்டும் வரவில்லை. அந்தத் தெருவிலிருந்து வேறு யாரும் என்னைத் தேடி வரவுமில்லை.

கொட்டாஞ்சேனையில் நீண்ட காலமாக லொட்ஜ் நடத்தும் நாநா ஒருவரிடம் இதைச் சொல்லிக் கவலைப்பட்டேன். அவர் சிரித்துவிட்டுக் கேட்டார்: "கடலுக்குப் பக்கத்துல இருந்தும் கடலப் பாக்கலயா தம்பி? மே மாசத்துல மீன்காரன் எங்க போறான் எண்டு பாருங்க. அங்கதான் விருந்தாளியையும் அனுப்ப வேணும்."

அவர் சொன்னது சரி. மே மாதத்தில் எமது புகையிரதப் பாதையோரக் கருங்கற்களில் அலை மோதித் தண்டவாளம் வரை தெறிப்பதை நான் தினமும் பார்க்கிறேன். அதே கடல்தான் ஹிக்கடுவையிலும் இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு தீவு, இரண்டு சீசன்

எமது நாடு சிறியது. ஆனால் கடற்கரைக்கு இங்கு இரண்டு சீசன்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசுகிறது. அது கொழும்பு, பெந்தோட்டை, ஹிக்கடுவை, மிரிஸ்ஸ என்று மேற்கையும் தெற்கையும் நேரே வந்து தாக்கும். மழை கொட்டும், கடல் கொந்தளிக்கும். அந்தக் காற்று கொண்டுவரும் ஈரத்தை மத்திய மலைநாடு தடுத்துவிடுவதால், கிழக்குக்குப் போய்ச் சேருவது வறண்ட காற்றுத்தான். மட்டக்களப்பில் இதைக் கச்சான் காற்று என்பார்கள். வெயில் கடுமையாக இருக்கும், கடலோ குளம் போல் அமைதியாக இருக்கும்.

வருட இறுதியில் நிலைமை தலைகீழாகிறது. வாடைக்காற்று கிழக்கைத் தாக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை திருகோணமலை, மட்டக்களப்புப் பகுதிகளில் பெருமழையும் வெள்ளமும் வழமை. புயல்கள் வருவதும் இந்தக் காலத்தில்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டையே புரட்டிப் போட்டதை நாம் மறக்கவில்லை. அதே டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்குக் கரை அழகாக இருக்கும்.

இதை மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். தென்மேல் காற்றுக் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் வள்ளம், வலையுடன் கிழக்குக் கரைக்கு இடம் மாறுவது பழைய வழக்கம். கொட்டாஞ்சேனை நாநா சொன்னதும் இதைத்தான்.

விடுமுறை எப்போது?

இனி இந்தியப் பயணியின் நாட்காட்டியைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடக் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் ஆரம்பம் வரை நீடிக்கிறது. குடும்பமாக வருபவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் வருகிறார்கள். அதாவது தெற்குக் கடல் குழம்பும் நேரம், கிழக்குக் கடல் திறக்கும் நேரம். இந்தக் காலத்தில் வருபவருக்கு நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா ஆகியவையே பொருத்தம். அரையாண்டு விடுமுறைக்கு டிசம்பர் கடைசியில் வருபவருக்கு பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ பொருத்தம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரண்டு கரைகளும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். ஒக்டோபரில் இரண்டு பக்கமும் பின்னேர இடிமழையை எதிர்பார்க்கலாம்.

விலை ஏன் குறைகிறது?

பலரும் ஏமாறும் இடம் இதுதான். மே, ஜூனில் தெற்கு விடுதிகள் விலையைக் குறைக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெறுமையாகக் கிடக்கும் அறையைக் குறைந்த விலைக்காவது விடுவது வியாபாரம். ஆனால் விருந்தாளி பணம் கொடுப்பது கட்டிலுக்கு அல்ல, கடலுக்கு. கடலில் இறங்க முடியாவிட்டால் அந்த அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது நட்டம்தான். டிசம்பரில் கிழக்கில் கிடைக்கும் மலிவு விலைக்கும் இதே கணக்குத்தான்.

மறுபக்கம், கிழக்குக்குப் போவதில் உண்மையான செலவொன்று உண்டு. அது பாதை. கொழும்பிலிருந்து ஹிக்கடுவை சுமார் 100 கிலோமீற்றர். திருகோணமலை சுமார் 260 கிலோமீற்றர். வேன் கூலி கிலோமீற்றர் கணக்கில்தான் வரும் என்பதால் போய்வரும் செலவு இரண்டரை மடங்கு. நேரமும் அப்படியே. 2011 இல் தென் அதிவேகப் பாதை திறந்த பின்னர் காலிக்கு இரண்டு மணித்தியாலத்தில் போய்விடலாம். திருகோணமலைக்கு ஆறு, ஏழு மணித்தியாலம் வேண்டும். எனவே இரண்டு இரவுகள் மட்டும் உள்ளவருக்குக் கிழக்கு கட்டுப்படியாகாது. ஆகக் குறைந்தது மூன்று இரவுகள் வேண்டும். நால்வர், ஐவராகச் சேர்ந்து வேன் பிடித்தால் தலைக்கு வரும் செலவு குறையும்.

அந்தப் பாதைச் செலவுக்குப் பலனும் உண்டு. தம்புள்ளை, சீகிரியா ஆகிய இரண்டும் கிழக்குக்குப் போகும் வழியில்தான் வருகின்றன. சீகிரியாவில் இந்தியர்களுக்கு சார்க் நாட்டவருக்கான சலுகைக் கட்டணம் கிடைக்கும். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். தெற்கே போகிறவருக்கு 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட காலிக் கோட்டை இருக்கிறது. உள்ளே சுற்றிப் பார்க்க நுழைவுக் கட்டணமும் இல்லை.

எந்தக் கரை யாருக்கு?

சிறு பிள்ளைகளுடன் வருபவருக்கு பாசிக்குடாவுக்கு நிகரான இடம் இல்லை. சீசனில் வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும். நிலாவெளியிலிருந்து படகில் புறாத் தீவுக்குப் போய்ப் பவளப் பாறைகளையும் மீன்களையும் பார்க்கலாம். அது தேசிய பூங்கா என்பதால் தனிக் கட்டணம் உண்டு. பொத்துவில் அருகிலுள்ள அறுகம்பை அலைச்சறுக்கு விளையாட்டுக்காரர்களின் இடம். குடும்பத்தவருக்கு முதல் தெரிவு அல்ல. திமிங்கிலம் பார்க்க விரும்புவோருக்கும் சீசன் முக்கியம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸ, மே முதல் ஓகஸ்ட் வரை திருகோணமலை.

மொழியும் சாப்பாடும் இன்னொரு விடயம். கிழக்கில் தமிழ் பேசியே எல்லா வேலையும் முடிக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து முதன்முறை வருபவருக்கு இது பெரிய ஆறுதல். ஹலால் சாப்பாட்டுக்கு பாசிக்குடாவுக்குப் பக்கத்தில் ஓட்டமாவடி இருக்கிறது. கிண்ணியா, பொத்துவில் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தெற்கிலும் பேருவளை, தர்கா நகர், காலி, வெலிகம என்று எமது ஊர்கள் உள்ளன. சைவச் சாப்பாடு மட்டும் உண்போர் திருகோணமலை நகரில் சிரமப்பட மாட்டார்கள். தெற்கே போவதானால் விடுதியிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

எங்கிருந்து புறப்படுவது?

தெற்கே போகிறவருக்கு வெள்ளவத்தையில் தங்குவது வசதி. கரையோரப் புகையிரதப் பாதை இங்கேயே இருக்கிறது. ஆனால் தூர இடத்துப் புகையிரதங்கள் எல்லாம் வெள்ளவத்தையில் நிற்பதில்லை. கேட்டுக்கொண்டு போக வேண்டும். கிழக்கே பஸ்ஸில் போகிறவருக்கு கொட்டாஞ்சேனை வசதி. புறக்கோட்டை பஸ் நிலையமும் கோட்டைப் புகையிரத நிலையமும் அங்கிருந்து கிட்ட. டித்வா புயலில் புகையிரதப் பாதைகள் பல சேதமடைந்தன. ஆகவே கிழக்குக்குப் புகையிரதத்தில் போக நினைப்பவர், சேவை நடக்கிறதா என்று விசாரித்த பின்னரே திட்டம் போட வேண்டும்.

வேனில் கிழக்குக்குப் போவதானால் முதல் நாளில் கொழும்புக்கு வரவே தேவையில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாக நேரே போகலாம். இதைச் சொன்னால் எனக்கு ஓர் இரவு வாடகை நட்டம். இருந்தும் சொல்கிறேன்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 பெப்ரவரி 12 முதல் இந்தியர்கள் தமது யூ.பி.ஐ. முறையில் இலங்கையிலும் பணம் செலுத்தலாம். ஆயினும் முச்சக்கர வண்டிக்கும் சிறு கடைகளுக்கும் கையில் காசு வேண்டும். விசா விதிகளும் கட்டணமும் 2023 இன் பின்னர் பல தடவை மாறியிருக்கின்றன. விமானச் சீட்டு எடுக்க முன்னர் அரசாங்கத்தின் ஈ.டி.ஏ. இணையத்தளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் வாயால் சொல்லிச் சிக்க வேண்டாம்.

நமக்குள்ள பாடம்

2024 இல் நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகள் 20 இலட்சத்துக்கும் அதிகம். அவர்களில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். ஐந்து பேரில் ஒருவர். எம்மவர்களில் எத்தனையோ பேர் அறை, வேன், சாப்பாட்டுக் கடை என்று இவர்களை நம்பி முதல் போட்டிருக்கிறார்கள். இவர்களில் கணிசமானோர் விளம்பரம் பார்த்து வருவதில்லை. போய்வந்த ஒருவர் சொல்லித்தான் வருகிறார்கள்.

அடுத்த வருடம் மே மாதம் திருச்சியிலிருந்து ஒரு குடும்பம் அறை கேட்டது. அவர்களும் கடலில் குளிக்கத்தான் வந்தார்கள். நான் விமான நிலையத்துக்கே வேன் அனுப்பி, நேரே நிலாவெளிக்குப் போகச் சொன்னேன். முதல் இரவு எனது அறை வெறுமையாகக் கிடந்தது. நான்கு நாட்களின் பின் வெயிலில் கறுத்த முகத்துடன் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். இரண்டு இரவுகள் தங்கி, காலி வீதியில் சாமான் வாங்கிக்கொண்டு போனார்கள். டிசம்பரில் அவர்களது மைத்துனர் குடும்பம் வந்தது. அவர்களைத் தெற்கே அனுப்பினேன்.

இப்போது யாராவது கடற்கரை பற்றிக் கேட்டால், எவ்வளவு செலவழிக்க முடியும் என்று நான் முதலில் கேட்பதில்லை. எந்த மாதம் வருகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். கொமிஷன் தரும் விடுதிகளின் பட்டியல் இன்னமும் என்னிடம் இருக்கிறது. ஆனால் அதை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் மாதங்களை எழுதி வைத்திருக்கிறேன். அறை வைத்திருக்கும், வேன் ஓட்டும் சகோதரர்களும் அப்படிச் செய்தால் நல்லது. ஒரு தகப்பன் வருடம் முழுவதும் சேர்த்த பணத்தையும் தன் பிள்ளைகளையும் எமது வார்த்தையை நம்பித்தான் கடலுக்கு அனுப்புகிறார். அது அமானிதம்.